காரைவீட்டு அடுக்களை: பலகையா, பிவிசியா, கல்லா?

பழைய வீட்டு அடுக்களையைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் மாடுலர் கிச்சன் கடை. அங்கே அழகாக நிற்கும் பெட்டிகள் எல்லாம் நேரான புதுச் சுவருக்காகச் செய்தவை. நெல்லை மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துத் தெருவீடுகளில் சுவர் என்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரை, பாத்திரம் கழுவித் தண்ணீர் விடுகிற அங்கணத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலையும் தேறாது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து ஒரு காலைப்பொழுது அளந்து பாருங்கள். கடைக்குப் போகிற ஆசை பாதி குறைந்துவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது சின்னத் தொகை என்றால் அதை மேடையிலும் தண்ணீர் போகிற வழியிலும் போடுங்கள், அலமாரியில் மிச்சம் பிடியுங்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்.

அலமாரிக்கு மூன்று வழி உண்டு. பிளைவுட், பிவிசி, கல் அல்லது சிமெண்ட் தட்டு.

பிளைவுட்டில் அடுக்களைக்கு ஆகிறது ஐஎஸ் 710 என்ற தரமுத்திரை உள்ள, கொதிநீரும் தாங்கும் பிடபிள்யூபி ரகம்தான். ஐஎஸ் 303 முத்திரையிலேயே எம்ஆர் என்று லேசான ஈரம் மட்டும் தாங்குகிற ஒரு ரகம் வரும். அது படுக்கையறைக்குப் போதும், சிங்க் அடியில் நிற்காது. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி. பத்தடி மேடைக்கு அடியில் பெட்டி, கதவு, தட்டு என்று போட்டால் ஷீட்டுகள் மளமளவென்று கரையும். அதற்கு மேல் மைக்கா, விளிம்புப் பட்டை, கீல், ஆசாரி கூலி. நாமே அறுத்துக்கொள்ளலாம் என்றால், நேராக அறுக்க நல்ல ரம்பமும் பழகிய கையும் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கறையான் என்று ஒன்று இருக்கிறது. மண்ணிலிருந்து சுவர் விரிசல் வழியாகவே அது ஏறி வரும். காரைச் சுவரில் அதற்கு வழியா பஞ்சம்? பிளைவுட்தான் வேண்டும் என்றால் சுவரை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, கல் கால்மேல் நிறுத்துங்கள். இதைவிட மலிவாக வரும் அழுத்திய மரத்தூள் பலகையை நினைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அந்தப் பலகை ஒருமுறை ஊறினால் உப்பி உதிரும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

பிவிசிக்குக் கறையானும் இல்லை, தண்ணீர்ப் பயமும் இல்லை. எடையும் கம்மி என்பதால் ஒருவரே தூக்கி மாட்டலாம். கை வேலைக்காரருக்கு இது பெரிய வசதி. ஆனால் உள்ளே கூடாக இருக்கிற ஷீட் கனம் தாங்காது. எவர்சில்வர் டப்பா வரைக்கும் சரி, பித்தளைக் குத்துப்போணியும் வெண்கல உருளியும் ஏற்றினால் தட்டு தொய்யும். கீல் திருகும் நாளடைவில் லொடலொடக்கும். சுமார் 80 டிகிரி சூட்டில் பிவிசி இளக ஆரம்பிப்பதால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மேலே சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டிக்கு நான் பிவிசியையே சொல்வேன், மேடைக்கு அடியில் மாட்டேன்.

மேடைக்கு அடியில் கல்தான். கடப்பாக் கல்லோ, கம்பிவலை வைத்து வார்த்த ஒரு இஞ்சு பெரோசிமெண்ட் ஸ்லாப்போ, இரண்டில் எது கிடைத்தாலும் சரி. நாலரை இஞ்சுச் சுவர் இரண்டு மூன்று எழுப்பித் தட்டை அதன்மேல் உட்காரவைத்தால் உரலைக்கூட வைக்கலாம். கறையான், ஈரம் எதுவும் ஒன்றும் செய்யாது. சுவர் கோணலாக இருந்தால் கலவையில் சரிக்கட்டிக்கொள்ளலாம், பெட்டியில் அது முடியாது. குறை என்று பார்த்தால், வைத்ததை அப்புறம் நகர்த்த முடியாது, உள்ளே இருட்டு, கரப்பான் ஒளிய நிறைய மூலை. முன்னால் அலுமினியச் சட்டத்தில் கதவு போடலாம். காசு வரும்வரை திரைச்சீலை போதும். இதற்கும் முன்னால், பழைய வீட்டில் ஒன்றரை அடிக் கனச் சுவரில் ஏற்கெனவே மாடமும் சுவரலமாரியும் இருக்குமே, அதற்குக் கதவு மட்டும் போட்டாலே பாதிச் சாமான் அடங்கிவிடும். புதிதாக மாடம் குடையும் ஆசை மட்டும் வேண்டாம். தெருவீட்டில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம்.

மேடைக்குக் கடப்பாவா கிரானைட்டா என்றால் இங்கே நான் கஞ்சத்தனம் பார்க்கமாட்டேன். கடப்பா பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், உண்மைதான். ஆனால் அது சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் அரிக்கும். சொதிக்கு எலுமிச்சை பிழிகிற, புளிக்குழம்பு கொதிக்கிற வீட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழாமல் இருக்குமா? கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 20 மில்லிமீட்டர் கனத்தில் சதுர அடிக்கு ஐந்து கிலோ அளவில் வரும். எட்டடிக்கு இரண்டடி என்றால் 80 கிலோ. கடையிலேயே சிங்க் துளை வெட்டி வாங்கி, தூக்க மட்டும் நாலு பேரைக் கூப்பிடுங்கள். பழைய கடப்பா மேடை ஏற்கெனவே இருந்தால் அதை உடைக்காதீர்கள். கழற்றிக் கீழ்த்தட்டாக்கினால் தட்டுச் செலவும் மிச்சம்.

சிங்க் விஷயத்தில் தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவு. ஆற்றுத் தண்ணீர் வருகிற மேற்குப் பக்கம் சாதாரண ரகமே ஓடும். திசையன்விளை, உவரிப் பக்கம் உப்புத் தண்ணீரும் கடல்காற்றும் சேரும், அங்கே 304 என்ற ரக எவர்சில்வர்தான் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304 என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், 202 என்ற மட்ட ரகத்திலும் காந்தம் ஒட்டாது. முத்திரையைப் பாருங்கள்.

சுவருக்கு வருவோம். மேலே வரை டைல்ஸ் ஒட்டுவதா, சுண்ணாம்பு அடிப்பதா? எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சுவரைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "அண்ணாச்சி, இது காரை. இதும்மேல சிமெண்ட அப்புனா ரெண்டு மழைக்கு நிக்கும், அப்புறம் சேந்தே விழும்." காரணம் சுலபம். இந்த வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையீரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகப் போய்விடும். சிமெண்ட்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். எண்ணெய் பெயிண்ட்டும் இதே கதைதான். அதனால் மேடைக்கு மேலே இரண்டடி மட்டும் டைல்ஸ், மீதிக்குச் சுண்ணாம்பு. பத்தடி மேடைக்கு 20 சதுர அடிதான் வரும், 20 கிலோ பசை மூட்டை ஒன்று போதும். பொத்தல் சத்தம் கேட்கிற பழைய பூச்சை மட்டும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துப் பூசிய பிறகு ஒட்டுங்கள். கை வேலையாகவே முடித்துவிடலாம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும் என்பதால் மாசி, பங்குனி பார்த்து ஆரம்பிப்பது நல்லது. சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் மேற்கே எதுவும் காயாது.

தரை செங்காவிச் சிமெண்ட் என்றால் தொடவே வேண்டாம். அதன்மேல் டைல்ஸ் போட்டால் தரை உயர்ந்து கதவு உரசும், அங்கணத்துக்குப் போகிற வாட்டமும் கெடும்.

சிம்னிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் நடுவே யோசிக்க அதிகம் இல்லை. குழாய் வெளியே போகாத சிம்னி சூட்டை அடுக்களைக்குள்ளேயே திருப்பி விடும். ஓட்டு வீட்டில் பழைய புகைபோக்கியைத் திறந்து ஃபேன் வையுங்கள், கூடவே இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினால் பகலில் விளக்கே வேண்டாம்.

வயரிங்கும் கேஸ் இணைப்பும் கை வேலை அல்ல, ஆள் வைத்தே செய்யுங்கள். அதிலும் சிலிண்டரை அங்கணக்குழி பக்கம் வைக்கக் கூடாது. கசியும் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் நேரே குழியில் போய்த் தங்கும். மேடைக்கு அடியில் சிலிண்டர் நிற்கிற அறைக்குக் கதவு போட்டால் அடியில் காற்றோட்டத் துளை விடச் சொல்லுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேடை கட்டும்போதே கை போகிற இடத்தில் விட்டுவிட்டால் அன்றைக்குக் கல்லைப் பெயர்க்க வேண்டியிராது.