மலையாளம் பழக: சொல் அட்டையா, காதா?

மலையாளம் கற்க நினைக்கும் தமிழருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. சொற்பட்டியலையோ, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் காட்டுகிற ஆங்கி (Anki) போன்ற செயலியின் அட்டைகளையோ வைத்து மனப்பாடம் செய்யலாம். அல்லது ஓரளவு புரிகிற பேச்சைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகலாம். மலையாளத்தைப் பொறுத்தவரை காதுக்குத்தான் என் ஓட்டு.

ஏனென்றால், தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் இங்கே காலை வாரும். 'குறச்சு வெள்ளம் ஒழிக்கணம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குறச்சு என்றால் கொஞ்சம், வெள்ளம் என்றால் தண்ணீர், ஒழிக்குக என்றால் ஊற்றுவது. அட்டையை இருபது தடவை புரட்டினாலும், பேச்சில் கேட்டவுடன் மனம் வெள்ளப்பெருக்குக்கும் ஒழித்துக்கட்டுவதற்கும்தான் ஓடும். அதையே சொல்லிக்கொண்டு ஒருவர் சட்டியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுவதை நாலைந்து சமையல் வீடியோக்களில் பாருங்கள். தமிழ்ப் பொருள் குறுக்கே வருவது நின்றுவிடும்.

இலக்கணமும் அப்படித்தான். நாம் வந்தேன், வந்தான், வந்தாள் என்று விகுதி மாற்றுவோம். அங்கே ஞான், அவன், அவள் எல்லாவற்றுக்கும் 'வந்நு'தான். விதியைப் படிக்க ஒரு நிமிடம் போதும், பேசும்போது வாய் விகுதியைத் தேடும். 'இது என் வீடு' என்று நாம் நிறுத்துவதை அவர்கள் 'இது என்றெ வீடாணு' என்பார்கள். அந்த 'ஆணு' காதில் ஊறியவருக்கு அது இல்லாத வாக்கியம் மொட்டையாகப் படும்.

மனப்பாடம் ஜெயிக்கிற இடம் எழுத்து. நமக்கு ஒரே 'க' இருக்கிற இடத்தில் அங்கே நான்கு. இது கேட்டு வராது, எழுதித்தான் வரும். நாளுக்கு ஐந்து என்றால் இரண்டு வாரத்தில் தனியெழுத்துகள் முடிந்துவிடும். பட்டி என்றால் நாய், விஷமம் என்றால் வருத்தம் என்பது போன்ற ஏமாற்றுச் சொற்களுக்கும் முப்பது, நாற்பது அட்டை போடலாம். அதற்கு மேல் வேண்டாம். தினமும் 20 புதுச் சொல் சேர்த்தால் ஒரு மாதத்துக்குள் மறுபார்வைக்கு மட்டும் ஒரு நாளைக்கு நூறு அட்டைக்கு மேல் குவியும், கேட்க நேரம் இருக்காது.

கேட்பதற்குப் பத்து நிமிட வீடியோ போதும். முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல், எழுத்து பழகியபின் இரண்டாம் தடவை மலையாள சப்டைட்டிலோடு. ஆங்கில வரிகள் ஓடினால் கண் படிக்கும், காது சும்மா இருக்கும். பத்துச் சொல்லில் மூன்று நான்கு பிடிபடவில்லை என்றால் இன்னும் எளிதானதற்கு மாறுங்கள். செய்தி வாசிப்பு ஆரம்பத்தில் வேண்டாம், வடசொல் அதிகம்.

கேட்டுப் பழகுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. தமிழருக்கு மலையாளம் சீக்கிரமே 'ஏறக்குறைய' புரிந்துவிடும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் படம் பார்த்தும், வாயைத் திறந்தால் தமிழ் வாக்கியத்துக்கு மலையாள ஒலி பூசியது போல வரும். அதனால் ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் அதில் பார்த்ததை ஐந்து வாக்கியமாகச் சொல்லி மொபைலில் பதிவுசெய்து, மூலத்தை ஒருமுறை, உங்களுடையதை ஒருமுறை என்று போட்டுக் கேளுங்கள். எங்கே 'வந்நான்' என்று வாய் தவறியது, எங்கே 'ஆணு' விட்டுப்போனது என்பதை உங்கள் காதே பிடித்துவிடும்.