உப்புத் தண்ணிக்கு உப்பு: கீசரும் சாஃப்ட்னரும் நான்கு வருடமும்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 700 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் 200தான் ஏற்ற அளவு, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. நாங்கள் இதைக் குடிப்பதில்லை. ஆனால் 15 லிட்டர் கீசர் தினமும் குடித்தது. மூன்று வருடத்தில், தண்ணீரைச் சூடாக்கும் காயில் இரண்டு போனது. இரண்டாம் முறை மெக்கானிக் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது, வெள்ளைச் சில்லுகள் ஒரு முறம் அளவு கொட்டின. அப்படியே சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு ஏறியதும் கார்பனேட்டாகப் பிரிந்து, சூடு அதிகமான இடத்தில், அதாவது காயில் மேலேயே ஒட்டிக்கொள்கிறது.

2021இல், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் வாங்கினேன். உள்ளே 25 லிட்டர் ரெசின் (குட்டிப் பிளாஸ்டிக் மணிகள்), கையால் திருகும் வால்வு. குளியலறைகளுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் மாட்டினோம். சமையலறைப் பக்கம் வேண்டாம் என்றது என் முடிவு. ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். எங்கள் தண்ணீருக்கு அது லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது.

விற்க வந்தவர் டிடிஎஸ்ஸும், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பும், குறையும் என்றார். குறையவில்லை, குறையவும் குறையாது. ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருகிறது, அவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டரை வைத்து சாஃப்ட்னரைச் சோதிப்பது வீண். சொட்டு மருந்து மாதிரி வரும் கடினத்தன்மைக் கிட் வாங்குங்கள். கடினமான தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாக நிற்கும், எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடினால் முதல் சொட்டிலேயே நீலம்.

இனி உப்புக் கதை. ரெசின் நிரம்பியதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு கிலோ கல் உப்பு, அயோடின் கலக்காதது, முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 350 லிட்டர் செலவு என்றால் ஐந்து நாளுக்கு ஒரு தடவை. மாதம் ஒரு 25 கிலோ மூட்டை. அண்ணாச்சி கடையில் ஊறுகாய் வியாபாரமா என்று கேட்டார்கள். அம்மா வேறு, "ஏண்டா, உப்புத் தண்ணிக்கு உப்பையே கொட்டுறியே?" என்றாள். இன்று வரை நான் சொன்ன விளக்கம் அவளுக்குத் திருப்தி தரவில்லை.

கழுவிய தண்ணீர் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். வீணாகிறதே என்று கறிவேப்பிலை மரத்தடிக்குக் குழாய் விட்டேன். இரண்டே மாதத்தில் மரம் மொட்டை. இப்போது சாக்கடைக்குத்தான் விடுகிறேன். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த உப்பு நம் போருக்கே திரும்பி வரும்.

கீசர்? நான்கு வருடமாக அதே காயில். போன ஜனவரியில் திறந்து பார்த்தோம், மெல்லிய பூச்சு மட்டும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் ஆனோடு ராடு மட்டும் பென்சில் மாதிரி இளைத்திருந்தது, மாற்றினோம். இடையில் ஊருக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் கழுவ மறந்தபோது, கீசருக்குள் பழைய கடகட சத்தம் மறுபடி எட்டிப் பார்த்தது. அதிலிருந்து சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்திலேயே உப்புப் போட்ட தேதியும் தினசரி காலண்டரில் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டையும் 50க்கு இறக்கிவிட்டேன், சென்னைக் குளிருக்கு அது தாராளம்.

குளிக்கும்போது சோப்பு போகாத மாதிரி வழுவழுப்பு இருக்கும். முதல் வாரம் எரிச்சல், அப்புறம் பழகிவிட்டது.

பணக் கணக்கு பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. காயில் விலையை உப்பு சாப்பிட்டுவிட்டது. வாடகை வீடு என்றால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். மழைக்காலத்தில் கடினத்தன்மை 500க்கு இறங்கி, வாரம் ஒரு முறை கழுவினால் போதும் என்று ஆகிறது. மே மாதம் 850. நான்காம் நாளே மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான்.