ஜிரோனாவின் சின்ன ரயில் பாதை: இரண்டு ஆண்டுகள் சைக்கிள் ஓட்டிய பிறகு

வேலையின் பொருட்டு இரண்டு ஆண்டுகள் ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜிரோனா நகரில் தங்கியிருந்தேன். அந்தக் காலத்தில் ஒலோட் என்ற எரிமலைப் பகுதி ஊரிலிருந்து ஜிரோனா வழியாக சான்ட் ஃபெலியூ தெ கீஷோல்ஸ் கடற்கரை வரை செல்லும் சைக்கிள் பாதையை முழுமையாகப் பதினொரு முறை ஓட்டினேன். பகுதி பகுதியாக ஓட்டியதற்குக் கணக்கு வைக்கவில்லை. கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய நாளிலிருந்து, இங்கும் தருமபுரியிலும் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அந்தப் பாதையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று நாள் சுற்றுலாவில் கண்ணுக்குத் தெரியாத, பல பருவங்கள் ஓட்டினால் மட்டுமே பிடிபடும் விவரங்களை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இது சைக்கிளுக்காக வெட்டிய பாதை அல்ல, பழைய ரயில் பாதை. கடற்கரையையும் ஜிரோனாவையும் இணைத்த குறுகிய ரயில் பாதை 1892-இல் திறக்கப்பட்டது. மலைப்பக்கம் போடப்பட்ட மற்றொரு பாதை 1911-இல் ஒலோட்டை எட்டியது. தண்டவாளங்களுக்கு இடையே 750 மில்லிமீட்டர்தான் அகலம். இரண்டும் 1969-இல் நிறுத்தப்பட்டன; தண்டவாளத்தை எடுத்த பிறகு எஞ்சிய மண்மேடுதான் பிற்காலத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான பாதையாக மாற்றப்பட்டது. ஒலோட்டிலிருந்து ஜிரோனா வரை சுமார் 54 கிலோமீட்டர், அங்கிருந்து கடல் வரை சுமார் 39 கிலோமீட்டர். உள்ளூர் மக்கள் அதைக் ‘கார்ரிலெட்’ என்கிறார்கள். சின்ன ரயில் என்று பொருள். கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூருக்குப் போய்வந்த குறுகிய ரயிலை எங்கள் தாத்தாவும் ‘சின்ன ரயில்’ என்றே சொல்வார் என்பதால், அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்ட நாளிலேயே பாதை எனக்குப் பாதி சொந்தமாகிவிட்டது.

சுமையோடு சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்தப் பாதையின் மிகப் பெரிய கொடை வாகனம் இல்லாதது மட்டுமல்ல, ஏற்றம் தெரியாததும்தான். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அன்றைய பொறியாளர்கள் குன்றைச் சுற்றி வளைத்தும், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கியும், பாறையை வெட்டியும் சரிவைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஜிரோனா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதையின் உச்சியான கோல் தென் பாஸ் கணவாய் ஏறத்தாழ 620 மீட்டர். இந்த 550 மீட்டர் ஏற்றத்தை நாற்பது கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டிப் பரப்பியிருக்கிறார்கள். அமெர் என்ற ஊரைத் தாண்டும் வரை ஏறுகிறோம் என்ற உணர்வே வராது. அதற்கு மேல்தான் புருஜென்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில் கால் லேசாகக் கனக்கத் தொடங்கும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மூச்சுவாங்கச் சைக்கிளை மிதித்தவர்களுக்கு, அதைவிட உயரமான ஏற்றத்தைப் பேசிக்கொண்டே ஏறி முடிப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பாதையின் மேல்பரப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் பயணம் அதனால்தான் கெட்டது. பெரும்பகுதி தார் போட்டதல்ல. உதிர்ந்த கருங்கல்லின் பருமணலைக் கொட்டி இறுக்கிய மண்பாதை. நம் ஊர் மொரம்பு மண் சாலையை நினைத்துக்கொள்ளலாம். காய்ந்த நாளில் இது தார்ச்சாலைக்கு ஈடாக உருளும். ஆனால் வளைவுகளின் ஓரத்தில் மணல் இறுக்கம் விட்டு, இரண்டு விரல் ஆழத்துக்கு உதிரியாகக் கிடக்கும். முதன்முறை வாடகைக்கு எடுத்த சைக்கிளில் 28 மில்லிமீட்டர் டயர் இருந்தது. அதுவும் தேய்ந்த டயர். எந்தப் பாதைக்குப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லியும், கடைக்காரர் இது போதும் என்றுதான் கொடுத்தார். லெஸ் ப்ளானெஸ் ஊருக்குக் கீழே ஒரு வளைவில் முன் சக்கரம் மணலில் புதைந்து, நான் பக்கவாட்டில் விழுந்து முழங்கால் தோலை உரித்துக்கொண்டேன். அடுத்த மாதமே 40 மில்லிமீட்டர் டயர் போட்ட பழைய டூரிங் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாதையில் ஒருமுறைகூட விழவில்லை.

மழைக்குப் பிறகு கதையே வேறு. ஈரமான பருமணல் டயரிலிருந்து தெறித்து செயினில் ஒட்டி, எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போல உரசும். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘கறகற’ என்று கேட்கும். இரண்டு ஆண்டுகளில் மூன்று செயின்களும் ஆறு ஜோடி பிரேக் கட்டைகளும் மாற்றினேன். பின் சக்கரத்தின் ரிம், பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தில் உட்குழிந்துவிட்டது. ஒலோட் மழைக்குப் பெயர்போன ஊர். ‘ஒலோட்டில் மழை இல்லை என்றால் எங்குமே மழை இல்லை’ என்று அங்கே பழமொழியே உண்டு. ஆகவே மட்கார்டு இல்லாமல் இந்தப் பாதைக்குப் போகக் கூடாது என்பதே என் முடிவு. மாலையில் தங்கும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டு செயினைத் துடைத்துவிட்டால், மறுநாள் சைக்கிள் நன்றி சொல்லும்.

எரிமலைகள் பாதையின் ஓரத்தில் நிற்பதில்லை. அவற்றைத் தேடிப் போக வேண்டும். ஒலோட்டைச் சுற்றி கர்ரோச்சா என்ற பகுதியில் சுமார் 40 எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. எல்லாமே அணைந்துவிட்டவை போல மரம் மூடிக் கிடக்கின்றன. கடைசி வெடிப்பு நடந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. சான்டா மார்கரிடா எரிமலையின் வாய்க்குள் பசும்புல் வெளியும், அதன் நடுவில் ஒரு சிறு தேவாலயமும் இருக்கின்றன. ஆனால் என்னை அதிகம் நிறுத்திவைத்தது பக்கத்தில் உள்ள க்ரோஸ்காட் எரிமலைதான். ஒரு காலத்தில் அதைக் கல்குவாரியாக வெட்டியிருக்கிறார்கள். மக்கள் எதிர்த்துப் போராடி, 1982-இல் இப்பகுதியைக் காக்கச் சட்டம் வந்து, பிறகு வெட்டுவதும் நின்றது. வெட்டிய காயம் அப்படியே திறந்து கிடக்கிறது. கறுப்பும் செம்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காகத் தெரியும் அந்தச் சுவரின் அடியில், கையில் எடுத்துப் பார்க்க வைத்திருந்த கல் எடையே இல்லாமல் இருந்தது; செங்கல் சூளைக் கசடு போல ஓட்டை ஓட்டையாக, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ரம்பம் வைத்து அறுத்தது போன்ற செங்குத்துச் சுவர்களும், வரிசையாகத் துளை போட்ட தடங்களும் கொண்ட கருங்கல் குவாரிகளைப் பார்த்து வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரனுக்கு, கல் இப்படியும் இருக்கும் என்பது புதிது. க்ரோஸ்காட்டிலிருந்து வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் மேல்தான் ஃபஜேடா தென் ஜோர்தா என்ற பீச் (beech) மரக்காடு வளர்ந்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் ஒரு நாள் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கலாம். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். எரிமலை மண்ணில் விளையும் சான்டா பௌ ஊரின் வெள்ளை பீன்ஸ் விதைகளையும் அந்தப் பக்கத்து உணவகங்களில் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

‘வாகனமே இல்லை’ என்று விளம்பரங்களில் சொல்வது முழு உண்மை அல்ல. ஜிரோனாவுக்குள் நுழையும் இடத்திலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணத் தெருவில் கார்களோடு போக வேண்டும். பல இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். ஆனால் அந்தக் குறுக்குச் சாலைகளில் ஓட்டுநர்கள் நின்று வழிவிடுகிறார்கள் என்பதை இரண்டு ஆண்டும் கண்டேன். வாகனம் இல்லையே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் ஏராளம்: குழந்தைகளை நடத்திக்கொண்டு போகும் தாத்தாக்கள், கயிறு விட்ட நாய்கள், கைகோத்து நடப்பவர்கள். அன்று மணி அடித்து அடித்து விரல் வலிக்கும். நடப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது. வார நாள்களில் போவதே மரியாதை.

ஜிரோனாவிலிருந்து கடல் வரையிலான பகுதி எளிது, ஆனால் மலைப்பகுதி அளவுக்கு மனத்தில் நிற்காது. வயல்களும் கார்க் மரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற காஸா தெ லா செல்வா என்ற ஊரும் கடந்த பிறகு கடல் வரும். ஆகஸ்டில் நிழல் இல்லாமல் வெயில் கொளுத்தும். கடற்கரை ஊரில் தங்க இடமும் கிடைக்காது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு கணக்கு என்னை விடவில்லை. கிருஷ்ணகிரி–திருப்பத்தூர் ரயில் பாதை 1905-இல் வந்தது. ஏறத்தாழ 41 கிலோமீட்டர். மொரப்பூர்–தருமபுரி பாதை 1906-இல் வந்து, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. அகலம் 762 மில்லிமீட்டர். ஜிரோனா ரயிலுக்கும் நம் ரயிலுக்கும் வித்தியாசம் ஒரு விரல் பருமன்தான். அவர்களுடையது 1969 வரை ஓடி, நின்ற பிறகும் வழி பிழைத்தது. நம்முடையவை விடுதலைக்கு முன்பே போய்விட்டன. வழியும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. இப்போது நான் விடியற்காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் வாய்க்கால் கரையில் ஓட்டுகிறேன். அங்கே போய்ச் சேர தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் ஐந்து நிமிடம்தான் முழுப் பயணத்திலும் எனக்குப் பயமான நேரம்.

தருமபுரியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வரும் செப்டம்பரில் அங்கே போகிறான். “அண்ணா, கடல்ல இருந்து ஆரம்பிச்சு மலைக்கு ஏறட்டுமா?” என்று கேட்டான். ஒலோட்டில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்: முதல் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கணவாய் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஜிரோனா வரை பெரும்பாலும் இறக்கம். 40 மில்லிமீட்டர் டயரும், மட்கார்டும், கூடுதலாக இரண்டு ஜோடி பிரேக் கட்டையும் கட்டாயம். லெஸ் ப்ளானெஸுக்குக் கீழே வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, உதிரி மணல் கிடக்கும் ஓரத்தை விட்டு நடுவில் போகும்படியும் சொன்னேன்.