எல்லைக்குப் பலகையா, கேமராவா, ஊதா பெயின்ட்டா?

வேட்டை சீசனில் துப்பாக்கியோடு நம் நிலத்துக்குள் நுழைகிறவர்களைத் தடுக்க இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது என் கையில் இருப்பது பெயின்ட் டப்பா: எல்லை மரங்களில் ஊதாக் கோடு அடித்தால் 'அனுமதியில்லாமல் உள்ளே வராதே' என்று அர்த்தம். மரக்காட்டைச் சுற்றி வேலி போடுவதெல்லாம் கட்டுப்படியாகாது, அதை விட்டுவிடுவோம்.

பலகை வைத்தால் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். ஆனால் பிடுங்குவார்கள், சுடுவார்கள். என் முதல் பலகையில் எழுத்துகளுக்கு நடுவே மூன்று தோட்டா ஓட்டை. யாரும் தொடாத பலகையை மரம் பார்த்துக்கொண்டது. ஆணியை இறுக்கி அடித்துவிட்டேன். மரம் பருக்கப் பருக்கப் பலகை வளைந்து, ஆணித் தலையைப் பட்டை விழுங்கிவிட்டது. (அடித்தே ஆகவேண்டும் என்றால் அலுமினிய ஆணி, அதுவும் கொஞ்சம் வெளியே நீட்டியபடி. பிற்பாடு மரத்தை அறுக்கும்போது ரம்பம் பிழைக்கும்.)

கேமராவில் ஆளின் முகம் கிடைக்கும், அது பெரிய விஷயம்தான். ஆனால் உடல் சூட்டை வைத்துப் படமெடுக்கும் கருவி, வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் எடுக்கும். நான் வாங்கியது 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளது. இரவில் மங்கலாகச் சிவப்பு தெரியும். வந்தவன் அதைக் கண்டுபிடித்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மெமரி கார்டும் அதோடு போயிற்று. 940 வகையின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அத்தனை தூரம் எட்டாது.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே கணக்கு: வருடத்துக்கு எத்தனை தடவை எல்லையைச் சுற்றி நடக்கவேண்டும்? பலகைக்குச் சீசனுக்கு முன்னும் பின்னும், நடுவில் சந்தேகம் வந்தாலும். கேமராவுக்கு பேட்டரி தீரும்போதெல்லாம். பெயின்ட்டுக்குச் சில வருடத்துக்கு ஒரு நடை. நான் அடித்து மூன்று வருடம் ஆகிறது. பாசி ஏறிய நாலைந்து மரங்களில்தான் கோடு மங்கியிருக்கிறது. கோட்டை யாரும் பிடுங்கவும் முடியாது.

அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலம் 1989-இலேயே இந்த ஊதாக் கோட்டைச் சட்டமாக்கியது. டெக்சாஸ் சட்டம் அளவையும் சொல்கிறது: செங்குத்தான கோடு, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், கோட்டின் கீழ்முனை தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள், காட்டு நிலத்தில் 100 அடிக்கு மேல் இடைவெளி கூடாது. உரிந்து தொங்கும் பட்டையை முதலில் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் பட்டையோடு கோடும் உதிரும். உங்கள் பகுதிச் சட்டம் கோட்டை ஏற்காவிட்டால் இதெல்லாம் வீண், பலகைதான் கதி.

யார் வந்தார்கள் என்று கோடு சொல்லாது. வழக்கு வரை நான் போனதில்லை என்பதால் அந்தப் பக்கம் என் அனுபவம் பூஜ்யம். அதனால் வண்டி நுழையும் வழியில் மட்டும் ஒரு பலகையும், மேலே கிளையில் ஒரு கேமராவும் வைத்திருக்கிறேன்.

போன சீசனில் ஒருவர் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "ஊதாக் கோடு பார்த்தேங்க. நாய் உள்ளே ஓடிடுச்சு, போய்க் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார்.