சின்ன டிரம் செட்: 16, 18, 20 அங்குலத்தில் எது உறுதியாக நிற்கும்?

சின்ன டிரம் செட் வாங்க நினைப்பவர்கள் முதலில் மரத்தைத்தான் விசாரிக்கிறார்கள்: பிர்ச்சா, மேப்பிளா, பாப்லரா? நான் முதலில் குனிந்து, காலால் பெடலை மிதித்து அடிக்கும் பாஸ் டிரம்மின் கால்களைப் பார்ப்பேன். பெரிய செட் நிற்க அதன் எடையே துணை செய்யும். சின்னதை இரும்புச் சாமான்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

லுட்விக் பிரேக்பீட்ஸின் பாஸ் டிரம் 16 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். டாமா கிளப்-ஜாம் 18-க்கு 12. யமஹா ஸ்டேஜ் கஸ்டம் ஹிப் 20-க்கு வெறும் 8. மூன்றும் சின்னவைதான், ஆனால் ஒவ்வொன்றும் சிறுத்திருக்கும் இடம் வேறு.

16 அங்குலத்தின் தலைவலி பெடல். 22 அங்குல டிரம்மில் தோலின் நடுப்புள்ளி 11 அங்குல உயரத்தில் இருக்கும். பெடலில் தோலை அடிக்கும் பீட்டரின் கம்பியும் ஏறக்குறைய அந்த உயரத்துக்குத்தான் கணக்கு. 16-ல் நடுப்புள்ளி 8 அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. பீட்டர் மேல் விளிம்பை நெருங்கி அடிக்க, 'தும்' என்று விழ வேண்டியது 'டொக்' என்று விழுகிறது. கம்பியைக் கீழே இறக்கலாம். வீச்சு குறைந்து காலுக்குப் பழக்கம் கெடும். அதனால்தான் லுட்விக் டிரம்மையே சற்றுத் தூக்கி நிறுத்தும் ரைசரைச் சேர்த்துக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான், இறுக்க வேண்டிய திருகுகள் கூடினாலும்.

ஹிப்பில் நடுப்புள்ளி 10 அங்குலம், பெடலுக்குக் குறையில்லை. ஆனால் 8 அங்குல ஆழம் என்பது தாம்பாளத்தை நிமிர்த்தி வைத்தது போல. மேலே டாமை, அதாவது குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மை, மாட்டி வாசிப்பவர் பக்கம் சாய்த்தால், எடை பின்தோலைத் தாண்டி வந்துவிடும். முன்கால்களை நன்றாக விரித்து, பெடலை வளையத்தில் இறுகக் கவ்வவிட்ட பிறகே டாமில் கை வைக்க வேண்டும். இரவல் வாங்கிய ஒரு ஒல்லி செட்டில் நான் இந்த வரிசையை மாற்றினேன். இரண்டாவது பாட்டின் நடுவில் டாம் மெல்ல என் மடியை நோக்கி வந்தது. ஒரு கை தாளத்துக்கு, மறு கை முட்டுக் கொடுக்க. ஆனாலும் ஹிப்பின் 13 அங்குல ஃபுளோர் டாமில் (தரையில் நிற்கும் டாம்) ஸ்னேர் டிரம்மில் போல அடித்தோலில் சலசலக்கும் கம்பிகள் இருப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டாவது ஸ்னேர் கிடைத்த மாதிரி.

டாமை மாட்டும் விதத்திலும் போட்டி உண்டு. பழைய முறையில் தாங்கியை டிரம்மின் உடலான ஷெல்லிலேயே திருகிவிடுவார்கள். கேரி காகர் வடிவமைத்த ரிம்ஸ் முறையில், டாம், தோலை இறுக்கும் தன் இழுவிசைத் திருகுகளிலிருந்து ஒரு சட்டத்தில் ரப்பர் இடையிட்டுத் தொங்கும். 10 அங்குல டாமை விளிம்பில் இரு விரலால் தூக்கிப் பிடித்து ஒரு அடி அடியுங்கள். பிறகு தாங்கியில் மாட்டி அடியுங்கள். கார்வை எங்கே வெட்டுப்படுகிறது என்று காதே சொல்லும். ரிம்ஸின் சட்டம் இடத்தை அடைக்கும் என்பது உண்மை.

அடிக்கடி ஏற்றி இறக்குகிறவருக்கு என் தேர்வு 18-க்கு 12. டாமை மட்டும் பாஸ் டிரம்மில் ஏற்றாமல் சிம்பல் ஸ்டாண்டில் கவ்வி போட்டு மாட்டுவேன். ஸ்டாண்டின் ஒரு கால் டாமுக்கு நேர் கீழே வரும்படி திருப்பி வைக்காவிட்டால் அதுவும் சாயும்.