நூல் கட்டி அளப்பதா, கடையில் கொடுப்பதா?

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக என் பழைய போலோ காருக்குக் காயில்ஓவர் (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்) போட்டேன். அடுத்தது வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது. அதற்கு வழி இரண்டு. கேமரா வைத்த கடை ஒன்று, கொத்தனார் நூல் இன்னொன்று. இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது நூல் பக்கம் நிற்கிறேன்.

கடையின் வசதி தெரிந்ததுதான்: அரை மணி நேரம், சில நூறு ரூபாய், கையில் ஒரு பிரிண்ட் அவுட். அந்தக் கருவி என் நூலைவிட நுட்பமானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது தேடுவது கம்பெனி சொன்ன எண்ணை. திரையில் பச்சை வந்தால் வேலை முடிந்தது. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1 மி.மீ. டோ அவுட் (சக்கரத்தின் முன் விளிம்பு சற்று வெளியே திரும்பி நிற்பது) கேட்டேன். "உள்பக்கம் டயரைத் தின்னுடும் சார்" என்றார் அங்கிருந்தவர். தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு அது நியாயமான பேச்சு. தலையாட்டிவிட்டு பச்சைக்கே வைத்துக் கொடுத்தார்.

நூலுக்கு வேண்டியது நான்கு ஜாக்கி ஸ்டாண்ட், இரண்டு பைப், ஸ்டீல் ஸ்கேல், அப்புறம் பொறுமை. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக எங்கள் போர்டிகோ தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். இடவலச் சக்கரங்களுக்கு நடுவே 5 மி.மீ. ஏற்றத்தாழ்வு இருந்தாலே கேம்பரில் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) 0.2 டிகிரி பொய் சொல்லும். தண்ணி டியூபால் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கம் டைல்ஸ் வைத்தேன். நூலை வண்டியின் இருபுறமும் நீளவாக்கில் கட்டும்போது டயரை ஒட்டிக் கட்டக் கூடாது. இடவலச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் முன்னால் வேறு, பின்னால் வேறு. ஒவ்வொரு அச்சிலும் ஹப் (சக்கரத்தின் மையப்பகுதி) நடுவிலிருந்து நூல் வரை இடமும் வலமும் ஒரே தூரம் வர வேண்டும். பிறகு ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளந்தால், வித்தியாசம்தான் டோ. 15 அங்குல ரிம்மில் 1 மி.மீ. ஏறக்குறைய 0.14 டிகிரி. ஸ்கேலில் அரை மி.மீ. வரை கண்ணுக்குத் தெரியும், எனக்கு அது போதும்.

என்னை நூல் பக்கம் இழுத்தது வண்டியின் உயரம். முதலில் அழகுக்காக 40 மி.மீ. இறக்கினேன். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது. வண்டி இறங்கியதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்க, வளைவில் வண்டி எதிர்பார்த்த அளவுக்கு நிமிர்ந்து நிற்கவே இல்லை. இறக்கம் 25 மி.மீ. மட்டும் இருக்கும்படி திரும்ப ஏற்றினேன், டோ மாறியது. கேம்பரை மாற்ற ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் கேம்பர் பிளேட்டை உள்ளே தள்ளினேன், மறுபடி மாறியது. பந்தயத் தடத்தில் ஓட்டிய முதல் நாளுக்குப் பிறகு ஸ்பிரிங் படிந்து முன்பக்க இடது மூலை 4 மி.மீ. தாழ்ந்திருந்தது, திரும்பவும் டோ மாறியது. இரண்டே வாரத்தில் மூன்று தடவை! ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் நிற்க முடியுமா? நூலென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, உடனே அளந்துவிடலாம். தடம் வலஞ்சுழியாக ஓடுவது. முன்பக்க இடது டயரின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். அதைப் பார்த்துக் கேம்பரை அன்றைக்கே மாற்றலாம்.

காற்று, பெட்ரோல், என் எடை, உயரம், கேம்பர், கடைசியில் டோ. இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண். என் எடைக்குப் பதில் ஓட்டுநர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று. நான் போன கடையில் இதற்கெல்லாம் நேரமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம்), அங்கே திருக ஒன்றுமில்லை, என் பாடு பாதி மிச்சம். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் பல தனித்தனி ஆர்ம்கள் பிடிக்கும் மல்டிலிங்க் வண்டிக்கு நான் நூல் கட்டியதில்லை. அதற்கு இதே தைரியத்தில் பேச மாட்டேன். காஸ்டரையும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) நூல் சொல்லாது. அதற்கு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகிறேன். டை ராடில் கை வைக்க வேண்டாம் என்று ரேம்ப்பில் ஏற்றும் முன்பே சொல்லிவிடுவேன்.