அபோஜி எம்க்யூ-510: பவளத் தொட்டியின் வெளிச்சத்தை அளக்க ஒரு நல்ல மீட்டர்

நீலம் 70 சதவீதம், வெள்ளை 20 சதவீதம் என்று எல்.இ.டி விளக்கின் செயலி காட்டுவது, விளக்கு எவ்வளவு சக்தியில் ஓடுகிறது என்பதை மட்டுமே. பவளத்தின் மேல் விழும் ஒளி வேறு கணக்கு. விளக்கு தொங்கும் உயரம், லென்ஸின் கோணம், தண்ணீரின் ஆழம், பாறையில் அந்தப் பவளம் உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாம் அதை மாற்றும். ஒரே விளக்கு, ஒரே சதவீதம். ஆனாலும் ஒரு தொட்டியில் அக்ரோபோரா என்ற பவள வகை வெளுக்கும், இன்னொன்றில் பழுப்படிக்கும். அந்த வித்தியாசத்தை எண்ணாகச் சொல்வது பி.ஏ.ஆர் மீட்டர், அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி. பவளத் தொட்டிக்கு நம்பி வாங்கக்கூடியது அபோஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 என்பது எங்கள் முடிவு.

முதல் காரணம் நீல ஒளி. இதன் சென்சார் 389 முதல் 692 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை அளக்கிறது. அதே நிறுவனத்தின் பழைய மாடலான எம்க்யூ-200 அளந்தது 410 முதல் 655 வரைதான். ஊதா, நீல எல்.இ.டி-களைக் குறைத்தே காட்டும். அந்த எண்ணை நம்பி விளக்கின் சக்தியைக் கூட்டினால் ஒளி பவளத்தைச் சுட்டுவிடும். லக்ஸ் மீட்டர் இன்னும் மோசம்: மனிதக் கண்ணுக்காக, பச்சை ஒளியை மையமாக வைத்துச் செய்தது அது. நீலம் மிகுந்த தொட்டியில் அதற்கு வேலையே இல்லை.

இரண்டாவது, தண்ணீருக்கான திருத்தம். நீருக்குள் சென்சாரின் பரப்பிலிருந்து கூடுதல் ஒளி வெளியே சிதறிவிடுவதால் அளவு குறைந்து தெரியும். அதைச் சரிசெய்யும் 1.32 என்ற காரணி இந்த மீட்டருக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே விளக்கைக் காற்றில் சோதித்தால் வரும் எண்ணை 1.32-ஆல் வகுக்க வேண்டும்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. காலையில் விளக்கின் ஒளி மெல்லக் கூடிக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள். உச்சத்துக்கு வந்திருக்க வேண்டும். சென்சாரின் முகத்தில் ஒட்டும் குமிழிகளை விரலால் தடவி நீக்குங்கள். முகம் நேர் மேலே பார்க்கட்டும், விளக்கை நோக்கிச் சாய்க்கக் கூடாது. கையின் நிழலும் படக் கூடாது. அலை பம்ப் ஓடினால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டு அளங்கள், அல்லது சில விநாடிகள் பார்த்து நடு எண்ணை எடுங்கள். விளக்குக்கு நேர் கீழே மட்டும் அளந்தால் போதாது. ஓரங்களில் பாதியாகக் குறைவது சகஜம், பாறை விளிம்பின் நிழலில் அதற்கும் கீழே போகும். ஒவ்வொரு பவளம் இருக்கும் இடத்திலும் அளந்து, தொட்டியின் படம் வரைந்து குறித்துவையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? மீட்டர் காட்டும் அலகு மைக்ரோமோல்: ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடியில் விழும் ஒளித்துகள்களின் அளவு (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). காளான் பவளம், ஜோவான்தஸ் போன்றவற்றுக்கு 50 முதல் 100 மைக்ரோமோல் போதும். யூஃபிலியாவுக்கு 80 முதல் 150. மாண்டிபோராவை 200-ஐ ஒட்டி வைக்கலாம். அக்ரோபோராவுக்கு 250 முதல் 350. இதற்கு மேல் ஏற்றினால் வளர்ச்சி அதே வேகத்தில் கூடாது. ஒளிச்சேர்க்கை நிறைவுக்கு வந்தபின் மிஞ்சும் ஒளி, பவளத் திசுவுக்குள் வாழும் பாசிக்குச் சுமையாகிறது. பாசியை இழந்த பவளம் வெளுக்கிறது. ஒளி போதாவிட்டால் பாசி பெருகிப் பழுப்பு நிறம் வரும். பழுப்பை மெதுவாகத் திருத்தலாம், வெளுத்ததை மீட்பது கடினம். சந்தேகம் வந்தால் குறைவாகவே தொடங்குங்கள்.

உச்ச அளவோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 250 மைக்ரோமோல் 8 மணி நேரம் கொடுத்தாலும், 200 மைக்ரோமோல் 10 மணி நேரம் கொடுத்தாலும், சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சேர்வது 7.2 மோல்தான். இந்த மீட்டரின் பதிவு முறை நாள் முழுதும் தானாக அளந்து அந்த மொத்தத்தைத் தருகிறது. காலையும் மாலையும் விளக்கு மெல்ல ஏறி இறங்கும் தொட்டிகளுக்கு இது உண்மையிலேயே உதவும்.

குறைகளும் உண்டு. சென்சார் மட்டும்தான் நீர் புகாதது. கையில் பிடிக்கும் பெட்டி தொட்டிக்குள் விழுந்தால் தொலைந்தது. கேபிளில் தொங்கவிட்டால் சென்சார் சமமாக நிற்காது, ஒரு கம்பியிலோ பி.வி.சி குழாயிலோ கட்டியாக வேண்டும். எந்த நிறம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு விலையும் அதிகம். நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடுவது நல்லது. விளக்கு மாற்றும்போதும் பாறையை நகர்த்தும்போதும் தவிர தினமும் தேவைப்படும் கருவி அல்ல.

புதுப் பவளம் வந்தால், அதன் இலக்கு அளவில் ஏறக்குறைய பாதி வரும் இடத்தை மீட்டரால் தேடி அங்கே வையுங்கள். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக மேலே நகர்த்தி, ஒவ்வொரு முறையும் புது இடத்தில் அளந்து பாருங்கள். வேலை முடிந்ததும் சென்சாரை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்; முகத்தில் உப்பு படிந்தால் அடுத்த அளவீடு குறைந்து வரும்.